மிச்ச மூச்சு

2022 செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குக் கருமாதி. மறுநாள் மத்தியானம் ஆகியும் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் கிளம்பவில்லை. கூடத்தில் பாய் விரித்தபடியே கிடந்தது. யாரோ டிவியைப் போட்டார்கள். லண்டனில் எலிசபெத் ராணியின் இறுதிச் சடங்கு நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. "நம்மள ஆண்டவங்க வூட்டு சாவ நாம ஏன்டா குந்திகினு பாக்கணும்?" என்றார் சித்தப்பா. ஆனால் ரிமோட்டை அவர்தான் கையில் வைத்திருந்தார், சேனலை மாற்றவில்லை.

சடங்கின் கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் ஒருவர் தனியாக நின்று பேக்பைப் ஊதினார். ராணியின் பைப்பர் பால் பர்ன்ஸ். ராணி இருந்தவரை தினமும் காலை 9 மணிக்கு அவர் ஜன்னலுக்குக் கீழே கால் மணி நேரம் ஊதுவதற்கென்றே ஒரு பதவி உண்டு. அன்று ஊதியது 'தூங்கு கண்ணே தூங்கு' என்று பொருள்படும் பெயர் கொண்ட மெட்டு. ஊதிக்கொண்டே அவர் திரும்பி நடந்தார். ஆள் மறைந்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் அதுவும் தேய்ந்து போனது.

பதினாறு நாளாக அழாத நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அப்பாவுக்குப் பறை அடித்தார்கள், சங்கு ஊதினார்கள், அத்தைமார்கள் ஒப்பாரி வைத்தார்கள். அப்போதெல்லாம் வராத அழுகை, எங்கேயோ ஒரு ராணிக்கு ஊதியதைக் கேட்டு வந்தது. எனக்கே அது அசிங்கமாக இருந்தது. ஏன் என்று தேட ஆரம்பித்து, தேடல் ஸ்காட்லாந்து போய், அங்கிருந்து எங்கள் கடலூர் மாவட்டத்துக்கே திரும்பி வந்தது.

*

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில்வே ஜங்ஷன். இலக்கியம் வாசிப்பவர்களுக்குப் புதுமைப்பித்தனின் இயற்பெயர். எங்களுக்கு அது செராமிக். ஜாடி, அகல்விளக்கு, பொம்மை, கரண்டுக் கம்பத்துக்கான இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை என்று ஊரில் சூளையில் வேகாத வீட்டுப் பொருளே கிடையாது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர ஊரிலேயே அரசுக் கல்வி நிறுவனம் உண்டு.

அப்பா இருபத்தாறு வருஷம் ஒரு கம்பெனியில் பால் மில் ஓட்டினார். பெரிய உருளைக்குள் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் பவுடர் எல்லாம் போட்டு அரைக்கும் இயந்திரம் அது. அரைபடும்போது தண்ணீர் சேர்ந்திருக்கும், தூசி பறக்காது. மூட்டையைப் பிரித்துப் பவுடரைக் கொட்டும்போதுதான் பறக்கும். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொள்வார். சாயந்திரம் வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்று தங்கச்சி சிரிப்பாள். முகம் கழுவியதும் மறுபடி இளசாகிவிடுவார்.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சன்னமான துகள் நுரையீரலின் அடிவரைக்கும் இறங்கிவிடும். உடம்பு அதைக் கரைக்கவும் முடியாமல் வெளியே தள்ளவும் முடியாமல் சுற்றித் தழும்பு கட்டும். தழும்பு சேரச் சேர நுரையீரல் விரிவது குறையும். பெயர் சிலிக்கோசிஸ். இங்கிலாந்தின் பீங்கான் ஊர்களில் இதைக் 'குயவர் அழுகல்' என்ற பொருளில் ஒரு சொல்லால் அழைத்தார்கள். குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரும்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாசம் சாப்பிட்டும் மூச்சிரைப்பு நிற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் மறுபடியும் டிபி மாத்திரை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான், ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்னாடியே, "என்னா வேலங்க பாத்தீங்க?" என்று கேட்டார். அப்பா சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

பிற்பாடு படித்தபோது தெரிந்தது, அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி 1700-ல் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரடீஸ் காலத்திலிருந்து வந்த கேள்விகளோடு அவர் ஒன்றைச் சேர்த்தார்: உன் தொழில் என்ன? சேர்த்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்கள் அப்பாவிடம் அதைக் கேட்க மூன்றாவது ஆள் வர வேண்டியிருந்தது.

கடைசி மாதங்களில் அப்பாவால் படுக்க முடியாது. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். ஃபேன் ஓடினாலும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே இருப்பாள். எங்கள் ஊருக்கு விருத்தகாசி என்று ஒரு பெயர் உண்டு. காசியைவிட வீசம் கூடுதல் என்பார்கள். இங்கே உயிர் விடுகிறவர்களை அம்மன் மடியில் கிடத்தித் தன் முந்தானையால் விசிறுவாள், சிவன் காதில் மந்திரம் சொல்வார் என்பது தலபுராணம். அம்மா அந்தக் கதையை நினைத்துக்கொண்டு விசிறவில்லை. அந்த ஆளுக்குக் காற்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

*

அப்பாவின் கடைசி வருஷத்தில் அவருக்கு நிஜமாகவே டிபி வந்தது. சிலிக்கா படிந்த நுரையீரலில் டிபி சுலபமாகக் குடியேறும். நான் அவர் பக்கத்திலேயேதான் படுத்திருந்தேன். 2023 ஜனவரியில் எனக்கு இருமல் ஆரம்பித்தது. சளி டெஸ்ட் எடுத்தார்கள். பாசிட்டிவ்.

ஆறு மாசம் மாத்திரை. முதல் இரண்டு மாசம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாசம் மூன்று மருந்து. மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படக்கூடாது என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள். டிபி குணமாகும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் சொன்னேன். ஆனால் அதே மாத்திரை அட்டை, அதே அறை, அதே இருமல். ராத்திரி நான் இருமினால் அடுத்த அறையில் அம்மா எழுந்து உட்காரும் சத்தம் கேட்கும்.

சென்னைக் கம்பெனியில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்திருந்தார்கள். மீட்டிங்கில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் மைக்கை அணைத்துவிட்டு இருமுவேன். அந்த ராத்திரிகளில்தான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேக்பைப் கேட்க ஆரம்பித்தேன். முதலில் காது வலித்தது. ஒரு வாரம் கழித்து அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

அந்த வாத்தியம் வேலை செய்யும் விதம் எளிமையானது. இடது அக்குளில் ஒரு பை. வாயால் ஒரு குழல் வழியாகப் பைக்குள் ஊத வேண்டும். பையிலிருந்து வெளியே போகும் காற்று, சீவாளி பொருத்திய குழல்களைப் பாட வைக்கும். விரல் துளைகள் உள்ள ஒரு குழலில் ஒன்பதே சுரங்கள். தோளில் நிமிர்ந்து நிற்கும் மூன்று குழல்கள் சுருதி மட்டும் கொடுக்கும். ஊதுகிறவர் மூச்சு வாங்கும்போது முழங்கையால் பையை அமுக்குவார். அதுவரை சேர்த்து வைத்த காற்று வெளியே வரும். அதனால் பாட்டு நிற்காது. வீடியோ பார்க்கும்போது நெட் அறுந்தாலும் பஃபரில் இருப்பது கொஞ்ச நேரம் ஓடுகிறதே, அதே கதை.

இதனால் இந்த வாத்தியத்தில் மௌனம் கிடையாது. சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒரே சுரம் இரண்டு முறை வர வேண்டுமென்றால், நடுவில் மின்னல் மாதிரி வேறொரு சுரத்தைத் தொட்டுப் பிரிக்க வேண்டும். ஊதுகிறவர் மூச்சு வாங்குகிறார் என்பதே கேட்கிறவருக்குத் தெரியாது. மூச்சு வாங்குவதே பெரிய விஷயமாகிப்போன வீட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்டேன். நான் இருமி முடித்து நிமிரும்போது அது அங்கேயே இருந்தது.

இதில் காதல் வசனம் பேசவும் முடியாது என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். 2016-ல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் மான்செஸ்டர் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 61 வயது. தினமும் பேக்பைப் ஊதியவர். வருஷக்கணக்கில் மூச்சிரைப்பு, காரணம் தெரியவில்லை. நடுவில் மூன்று மாசம் ஆஸ்திரேலியா போனார், வாத்தியத்தை எடுத்துப்போகவில்லை, நோய் குறைந்தது. அதை வைத்துத்தான் சந்தேகம் வந்தது. பைக்குள் இருந்த ஈரத்தில் பூஞ்சை வளர்ந்திருந்தது. அவர் 2014-லேயே இறந்துபோயிருந்தார். அவர் வாசித்துச் செத்தார், எங்கள் அப்பா பிழைப்புக்காகச் செத்தார். ஆனால் இரண்டு பேரின் நுரையீரலும் காத்திருந்தது அந்த ஒரே கேள்விக்குத்தான்.

*

சித்தப்பாவின் கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நம்மை ஆண்டவர்களின் வாத்தியம்தானே இது?

விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் போய் பஸ் மாறினால் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1 அன்று அங்கே ஹைதர் அலியின் படைக்கும், சர் அயர் கூட் தலைமையிலான கம்பெனிப் படைக்கும் பெரிய சண்டை நடந்தது. அந்தக் காலப் போர்களில் எங்கள் ஊர்க் கோவில் மதிலே கோட்டைச் சுவராகப் பயன்பட்டிருக்கிறது. கூட் பக்கத்தில் 73-ஆவது ஹைலாண்டர் படைப்பிரிவு இருந்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள், 1780 ஜனவரியில் சென்னைக்கு வந்து இறங்கியவர்கள். கூட்டுக்கு பேக்பைப் என்றால் இளக்காரம், அந்தக் காலத்துக் குப்பை என்று நினைத்தவர். சண்டையின் மும்முரத்தில் ஒரு பைப்பர் கொஞ்சமும் அசராமல் ஊதியதைப் பார்த்து மனம் மாறி, வெள்ளியில் ஒரு பேக்பைப் செய்துகொள்ள அந்தப் பிரிவுக்கு ஐம்பது பவுண்டு கொடுத்தார் என்பது படைப்பிரிவின் வரலாற்றில் விடாமல் சொல்லப்படும் கதை. ஹைதர் தோற்றார். அந்த மணலில் விழுந்த மைசூர்க்காரனுக்கு அந்தச் சத்தம் என்னவாகக் கேட்டிருக்கும் என்று யோசித்தேன். ஆறுதலாகக் கேட்டிருக்காது.

ஆனால் அதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்னால் போனால் கதை தலைகீழ். 1745-ல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் குலங்களில் பல லண்டன் அரசருக்கு எதிராகக் கிளம்பின. 1746 ஏப்ரலில் கலோடன் என்ற இடத்தில் நசுக்கப்பட்டன. சிறைப்பட்டவர்களில் ஜேம்ஸ் ரீட் என்ற பைப்பரும் ஒருவர். நான் ஆயுதமே தூக்கவில்லை, வாத்தியம்தான் ஊதினேன் என்பது அவர் தரப்பு வாதம். மலைநாட்டுப் படை பைப்பர் இல்லாமல் போருக்குக் கிளம்பாது, ஆகவே பேக்பைப்பும் ஆயுதம்தான் என்றது நீதிமன்றம். 1746 நவம்பரில் யார்க் நகரில் தூக்கிலிட்டார்கள்.

அந்த 73-ஆவது பிரிவைத் திரட்டியவர் மெக்லியோட் பிரபு. அவரே 1745-ல் கலகக்காரர்கள் பக்கம் நின்று பிடிபட்டவர். மன்னிப்புப் பெற்று, ஸ்வீடன் படையில் வேலை பார்த்து, கடைசியில் எந்த அரசகுலத்தை எதிர்த்தாரோ அதற்கே ஆள் சேர்த்துக் கொடுத்தார். அவருடைய மலைநாட்டில் பிழைப்பு இல்லாத பையன்கள் சம்பளத்துக்காகக் கப்பல் ஏறி எங்கள் ஊர்ப் பக்கத்தில் வந்து ஊதினார்கள். ஆண்டவர்களின் வாத்தியம் என்பது சரிதான். ஆனால் ஊதியவன் ஆண்டவன் இல்லை, அவனும் கூலிதான்.

அதற்குப் பிறகு அது இங்கேயே தங்கிவிட்டது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்குச் சொந்தமாக பைப் பேண்ட் இருக்கிறது, குன்னூர் பக்கம் வெலிங்டனில் அதன் தலைமையகம். உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் மஷக்பீன் இல்லாமல் கல்யாண ஊர்வலம் கிளம்பாது. மஷக் என்றால் தண்ணீர் சுமக்கும் தோல்பை. பாகிஸ்தானின் சியால்கோட் உலகத்துக்கே பேக்பைப் செய்து ஏற்றுமதி செய்கிறது.

*

இவ்வளவையும் தேடும்போதுதான் எனக்குத் தெரியாமலே போயிருந்த ஒன்று கிடைத்தது. ஹைலாண்டர்கள் வருவதற்கு முன்பே நம்மிடம் ஒரு பேக்பைப் இருந்தது. பெயர் துத்தி.

ஆட்டுத் தோலை முழுசாக உரித்து எடுத்த பை. ஊத ஒரு குழல், ஒலிக்க ஒரு குழல். அதில் பாட்டு வாசிக்க முடியாது. ஒரே சுரம், சுருதி மட்டும். 1800-ஐ ஒட்டித் தஞ்சாவூர் ஓவியர்கள் ஐரோப்பியர்களுக்காக வரைந்த சதிர்க் கச்சேரிப் படங்களில் துத்திக்காரரைப் பார்க்கலாம். முன்னால் ஆடும் பெண், பின்னால் தாளம் போடும் நட்டுவனார், மத்தளம், முகவீணை, அவர்களோடு பையை அக்குளில் இடுக்கி நிற்கும் ஒருவர். எல்லோரும் நின்றபடியேதான் வாசித்தார்கள். ஆடுகிறவள் முன்னே வந்தால் அவர்களும் வருவார்கள், பின்னே போனால் போவார்கள். தம்புராவைத் தூக்கிக்கொண்டு அப்படி நடக்க முடியாது. பையோடு நடக்கலாம்.

கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்திலிருந்து 1838-ல் ஒரு சதிர்க் குழு கப்பலேறிப் பாரிஸ் போனது. ஐந்து ஆடல் மகளிர், மூன்று இசைக்காரர்கள். அம்மணி என்ற பெண்ணுக்கு அங்கே பார் என்ற சிற்பி வெண்கலத்தில் சிலையே செய்தார். சிலை அம்மணிக்கு. பின்னால் நின்றவர்களுக்கு யாரும் சிலை செய்வதில்லை.

சதிர் பரதநாட்டியமாகி மேடையேறியபோது இசைக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்தார்கள். முகவீணை இடத்துக்குக் கிளாரினெட் வந்தது, பிறகு அதுவும் போய்ப் புல்லாங்குழலும் வயலினும் வந்தன. துத்தியின் வேலையைத் தம்புராவும் சுருதிப்பெட்டியும் எடுத்துக்கொண்டன. நாகஸ்வரத்துக்கு சுருதி கொடுத்த ஒத்துக்கும் இதே கதிதான். ஒத்து ஊதுகிறவருக்குப் பை கிடையாது, கன்னம்தான் பை. கன்னத்தில் காற்றைத் தேக்கிவைத்து, அது வெளியேறும்போதே மூக்கால் மூச்சை உள்ளே இழுத்து, மணிக்கணக்கில் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருப்பார். எங்கள் ஊர்க் கோவிலில் இப்போது நாகஸ்வரக்காரர் பக்கத்தில் மின்னணு சுருதிப்பெட்டி இருக்கிறது. என் போனிலேயே அதற்கு ஒரு ஆப் இருக்கிறது. குறை சொல்லவில்லை. ஒரே சுரத்தை ஊதியே நுரையீரல் தேய்ந்த மனிதர்களுக்கு விடுதலைதான். ஆனால் முன்னால் நிற்பவர் மூச்சு வாங்கும்போது பாட்டு அறுந்துவிடாமல் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதையாவது நாம் ஞாபகம் வைத்திருக்கலாம்.

ஒப்பாரியும் அப்படித்தான் என்று பிறகு புரிந்தது. ஒரு அத்தை பாடி மூச்சு முட்டி நிறுத்தும்போது இன்னொரு அத்தை எடுத்துக்கொள்வாள். வட்டமாகக் கட்டிப்பிடித்து உட்கார்வது அதற்குத்தான். அப்பா சாவில் அது எனக்குக் காதில் விழவே இல்லை. சாமியானாக்காரருக்கும் ஐஸ் பெட்டிக்காரருக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

*

ஸ்காட்லாந்தில் பேக்பைப்புக்கென்றே பழைய பெரும் இசை வடிவம் ஒன்று உண்டு, பிப்ரோக் என்பார்கள். முதலில் ஒரு மெட்டை மெதுவாக வாசிப்பார்கள். அதற்குப் பெயர் உர்லர், தரை என்று அர்த்தம். பிறகு அதையே அடுக்கடுக்காக விரித்துக்கொண்டு போய், கடைசியில் மறுபடி தரைக்கே வந்து முடிப்பார்கள். எழுதி வைத்துப் படித்ததில்லை. நாம் ஜதி சொல்வது மாதிரி, அசைச் சொற்களாகப் பாடியே குரு சிஷ்யனுக்குக் கொடுத்தார்கள். ஸ்கை தீவின் மக்ரிம்மன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதில் பேர்போனது. அவர்களில் பாட்ரிக் மோர் என்பவர் 17-ஆம் நூற்றாண்டில் செய்த ஒரு புலம்பல், 'பிள்ளைகளுக்கான புலம்பல்'. அவருடைய எட்டுப் பிள்ளைகளில் ஏழு பேர் ஒரே வருஷத்தில் நோயில் செத்துப்போனார்கள், அதற்குப் பிறகு செய்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

மாத்திரை ஆரம்பித்து நாலாவது மாசம் ஒருநாள் சாயந்திரம் அதை ஹெட்போன் இல்லாமல் போனில் போட்டிருந்தேன். அம்மா முறத்தோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்தாள். கொஞ்ச நேரத்தில் கை நின்றது.

"என்னாடா இது, ஒத்து ஊதற மாதிரி கீது. யாருக்கு அழுவுறான்?"

சொன்னேன். எட்டுப் பிள்ளைகள், ஏழு பேர் போய்விட்டார்கள், அப்பன்காரன் ஊதினது என்று.

அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பாட்டு விரிந்துகொண்டே போய்த் திரும்பவும் தரைக்கு வந்தது.

"மிச்சம் ஒரு புள்ள இருந்துச்சே, அது என்னா ஆச்சு?"

இத்தனை மாதம் படித்ததில் எனக்குத் தோன்றாத கேள்வி. அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன். மிஞ்சிய மகன் என்று சொல்லப்படும் பாட்ரிக் ஓக், அப்பனுக்குப் பிறகு அந்த வாத்தியத்தை எடுத்தவர். தூரதேசத்திலிருந்தெல்லாம் பையன்கள் அவரிடம் படிக்க வந்திருக்கிறார்கள். இன்றைக்கு பிப்ரோக் மிஞ்சியிருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். "நல்லா இருந்துச்சாம்மா. பெரிய வாத்தியாரா ஆச்சாம்."

"ம்" என்றாள். அடுப்பில் பால் வைத்திருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. "மாத்திர போட்டியா?"